கோடு வரைக்கும்

சலவை ஆலையில் நான்கு இஸ்திரி உருளைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் ஈரத்தோடு ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். வருகிற வேகத்தில் இரண்டு பெண்கள் நுனியைப் பிடித்து, உதறி, நாலாக மடித்து அடுக்கிவிட வேண்டும். ஒன்று தவறினால் அடுத்தது அதன் மேல் வந்து சுருண்டுகொள்ளும். உருளையை நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் மேற்பார்வைக்காரர் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவார். அவருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்களோ, ஆலையில் விசில்தான்.

கழிப்பறை கொதிகலனுக்குப் பின்னால், முற்றம் தாண்டி இருந்தது. போய்வர ஆறு நிமிடம். விசில் கொடுப்பது நாலு நிமிடம். அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. வேர்வையாகப் போவது போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். வருடக்கணக்காக அப்படித்தான். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை.

பாப்பாவுக்குத் தோன்றியது. பாப்பா என்பது வீட்டுப் பெயர், வயது இருபத்தேழு. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அண்ணி இந்த ஆலையில் இரண்டாவது உருளையில் வேலை செய்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது அண்ணி இந்தத் தண்ணீர் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "உங்க கூட எத்தனை பேரு அண்ணி?" என்று கேட்டாள். ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பித்தது.

போன கோடையில் அவள் நாற்பது சின்னப் புட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆலை வாசலில் நின்றாள். காது மடல்கள் சிவந்து போயிருந்தன. முதல் உருளையில் நிற்கிற நெட்டைப் பெண்தான் முதலில் பார்த்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"என்னம்மா இது, சென்ட்டு விக்க வந்தியா?"

"இல்லக்கா. இது வந்து… சாம்பிள் எடுக்க."

"என்ன சாம்பிளு?"

பாப்பாவுக்கு வாய் வரவில்லை. உருளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி கத்தினாள். "மூத்திரம்டி! அப்புறம் ஒரு ஊசி ரத்தம். என் நாத்தனாரு ஆராய்ச்சி பண்ணுது."

"அடப்பாவமே. இதுக்கா இம்புட்டு படிச்சுது?"

"படிச்சதாலதான் கேட்டு வாங்குது. நீ படிக்கல, சும்மா விட்டுட்டுத் திரியுற."

ஆலையே சிரித்தது. விசில் ஊத மறந்துபோனார். அன்று முதல் பாப்பாவுக்கு அங்கே மூத்திரக்கார டாக்டரம்மா என்று பெயர் நிலைத்தது. இரண்டாவது மாதத்தில் அவளும் அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லப் பழகிவிட்டாள். ஆலையில் மட்டும்.

*

வீட்டில் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருந்தன. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் வீங்கி, செருப்பு போடமுடியாமல் ஆனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இணைத்துத் தைத்த ரத்தக்குழாய் விரல் பருமனுக்குப் புடைத்து நின்றது. அதைத் தொட்டால் உள்ளே இன்ஜின் ஓடுவது போல் அதிரும். "வண்டி இன்னும் ஆஃப் ஆகல பாரு" என்பான்.

வீடு முழுக்க அவன் நோயின் கணக்கில்தான் நடந்தது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மாத்திரை விழுங்குகிற மிடறும் அதில் சேர்த்தி. உருளைக்கிழங்கை நறுக்கி, அதிலுள்ள பொட்டாசியம் போக ஒரு தரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். உப்பு கிடையாது. அவன் ஒருவனுக்குத் தனியாக எதற்கு என்று அம்மா எல்லோருக்கும் அதையே சமைத்தாள்.

மாற்று சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் இரண்டு பேர். பாப்பாவின் ரத்தமும் பொருந்தும், அண்ணியின் ரத்தமும் பொருந்தும். அம்மா ஒரு ராத்திரி கூட யோசிக்கவில்லை.

"பாப்பாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவ உடம்புல கத்தி பட்டா நாளைக்கு எவன் வருவான்?"

பாப்பா பேசாமல் இருந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். தன் உடம்பு தன்னோடுதான் இருக்கப்போகிறது என்ற நிம்மதி வயிற்றில் இறங்கியதை அவள் கவனித்தாள். அதைக் கவனித்ததற்காக வெட்கப்பட்டாள். அண்ணி, "நான் குடுக்கிறேன் அத்தை, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அண்ணிக்குச் சோதனைகள் நடந்தன. அதில் ஒன்று, இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுப்பது. ஆஸ்பத்திரி ஒரு பெரிய வெள்ளைக் கேன் கொடுத்தது. பக்கவாட்டில் அளவுக் கோடுகள். இரண்டு லிட்டர் கோடு மட்டும் சிவப்பில். அந்தக் கேனை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் பாப்பாதான். எப்படிச் சேர்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், அம்மா இருந்தாள். மூத்திரம் என்ற சொல்லை அவர்கள் முன்னால் சொல்லக் கூசியது. கேனைக் குளியலறை அலமாரியில் வைத்து, மேலே அச்சடித்த விளக்கத்தாளை மடித்து வைத்துவிட்டு, "பேப்பர்ல எல்லாம் இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

முடிவு நன்றாகவே வந்தது. சிறுநீரகம் நிமிடத்துக்கு நூற்றிரண்டு மில்லி வடிகட்டுகிறது என்றது அறிக்கை. பாப்பா கடைசி வரியைப் படித்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வழக்கமாக ஸ்கேன் வைத்தும் இன்னொரு தரம் பார்ப்பார்கள். அந்தக் கருவி பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. ரத்தக் கணக்கும் சிறுநீர்க் கணக்கும் ஒத்துப்போகிறதே, போதும் என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத்தில் நாற்பது பெண்களின் முடிவும் வந்தது.

கிரியாட்டினின் என்பது தசை போடுகிற கழிவு. ரத்தத்தில் அது அதிகமாகத் தேங்கினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம். எல்லா ஆஸ்பத்திரியிலும் பார்ப்பது இதைத்தான். ஆனால் தசையே இல்லாத, எலும்பும் தோலுமான ஒருத்திக்குக் கழிவும் கொஞ்சம்தான் சேரும். குப்பையே போடாத வீட்டில் கூட்டுகிறவள் வராவிட்டாலும் தெரியாது. பாப்பாவின் ஆராய்ச்சியே அதுதான். ஒல்லியான பெண்களுக்குத் தசையைச் சாராத வேறொரு புரதத்தை அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பது.

தெரிந்தது. நூறை ஒட்டி இருக்க வேண்டிய வடிகட்டும் அளவு, நாற்பதில் பதினோரு பேருக்கு அறுபதுக்குக் கீழே.

பேராசிரியர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பதினொண்ணா! அடேயப்பா. நாலு பேரு வந்தாலே போதும்னு நெனச்சேன். நல்ல கட்டுரை வரும்மா இது." உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு டீ சொல்லப் போனார்.

புட்டிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் எண்களை ஒட்டியவள் அவள். பட்டியலில் அவள் விரல் பதினேழுக்கு, அண்ணியின் எண்ணுக்கு, வந்து நின்றது. நாற்பத்தொன்பது.

எண் தவறாக ஒட்டிவிட்டோமா என்று பார்த்தாள். இல்லை. மிச்சமிருந்த ரத்தத்தை மறுபடி கருவியில் வைத்தாள். ஒரு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது என்று வந்தது.

பிறகுதான் போனில் இருந்த ஆஸ்பத்திரி அறிக்கையின் படத்தைத் திறந்தாள். இந்தத் தடவை கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எடை நாற்பத்தொரு கிலோ. ஒரு நாளில் சிறுநீரில் வெளியேறிய கிரியாட்டினின் ஆயிரத்து நூற்றெண்பது மில்லிகிராம்.

நாற்பத்தொரு கிலோ பெண்ணுடம்பு ஒரு நாளில் அவ்வளவு தள்ளாது. அறுநூறு, எழுநூறு, அதற்கு மேல் வராது. மூட்டை தூக்குகிற ஆளுக்கு வேண்டுமானால் வரும். அண்ணியின் கேனில் அண்ணியைவிட அதிகமாக ஏதோ இருந்திருக்கிறது.

பேராசிரியர் இரண்டாவது டீயோடு வந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள்.

*

சாப்பாட்டு நேரம். ஆலைப் பெண்கள் முற்றத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. ரேடியோ டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள். "வாம்மா டாக்டரம்மா. ரிசல்ட்டு வந்துடுச்சா? நான் பாஸா?"

ரேடியோவின் எண் இருபத்தாறு. பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. "சொல்றேன்க்கா, திங்கக்கிழமை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, பாப்பா அண்ணியைக் கைபிடித்து மடித்த விரிப்புகள் அடுக்கிய அறைக்குள் கூட்டிப்போனாள்.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்படி இருக்கு? உங்க அண்ணனுக்கு ஏதாவது…"

"அண்ணன் நல்லா இருக்கான். அண்ணி, அந்தக் கேன்ல எப்படிச் சேர்த்தீங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவா? அத ஏன் கேக்குற. காலையில இருந்து சேர்த்தா அடியிலயே கிடக்குது. உங்கம்மா சாயங்காலம் வந்து தூக்கிப் பார்த்துட்டாங்க. 'இவ்வளவுதானா? செவப்புக் கோடு வரைக்கும் வேணும்னுதானே கோடு போட்டு வெச்சிருக்கான். இதக் கொண்டுபோய்க் குடுத்தா இவளுக்கே ஒண்ணும் ஓடல, எங்க இருந்து குடுப்பான்னு டாக்டரு திருப்பி அனுப்பிடுவான்'னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. மறுநாள் காலைக்குள்ள கோடு வந்துடுச்சு." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணமாகி பதினோரு வருஷத்துல நானும் உங்கம்மாவும் சேர்ந்து சிரிச்சது அன்னைக்குத்தான். கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம்."

பாப்பா சிரிக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னாள். நூற்றிரண்டு பொய். நிஜம் ஐம்பது. இருப்பதே ஓர் ஆளுக்கு வேண்டியதில் பாதி. அதிலும் ஒன்றை எடுத்தால் மிச்சம் எதுவும் நிற்காது. இன்னும் கொஞ்ச வருடத்தில் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் அண்ணியும் படுக்க வேண்டிவரும்.

அண்ணியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கையிலிருந்த விரிப்பின் ஓரத்தை நகத்தால் நேராக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

"வலிக்காது அண்ணி. அதான் இதோட கெட்ட குணம்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப உன்கூடயே இருக்கட்டும்."

"அண்ணி!"

"கத்தாத. விசில் வந்துடுவான்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஆறு மாசமாத்தான் பாப்பா அந்த வீட்ல நான் மனுஷி. 'அவ சாப்பிட்டாளா'ன்னு உங்கம்மா கேக்குறாங்க. சொந்தக்காரங்க வந்தா என்னக் காட்டி, 'இவதான்'னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தேன்னு நீ பார்த்ததுதானே. புள்ள பெறலன்னு என் முன்னாடியே பேசுவாங்க. நீயும் அங்கதான் உக்காந்திருப்ப, தட்டப் பாத்துக்கிட்டு."

அது உண்மை.

"இப்ப போய் நீ சொன்னா என்ன ஆகும்? புருஷனுக்குக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு, நாத்தனாரக் கையில போட்டுக்கிட்டுத் தப்பிச்சிட்டான்னுவாங்க. ஐம்பது இருக்குல்ல? இருக்கறதுல குடுக்கிறேன். உங்க அண்ணன் வண்டி ஓட்டணும். அத ஒரு தடவ பாக்கணும் எனக்கு."

"செத்துப்போவீங்க அண்ணி."

"உடனேயா?"

வெளியே விசில் ஊதியது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத. என் மேல சத்தியம்" என்று பாப்பாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துவிட்டு உருளைக்குப் போனாள். அந்தத் தலை கொதித்தது. போகிற வழியில் தண்ணீர்ப் பானை இருந்தது. அண்ணி அதைத் தாண்டித்தான் நடந்தாள்.

*

பாப்பா வீட்டுக்கு வந்தபோது நாலரை மணி. அண்ணன் டயாலிசிஸ் முடிந்து வந்து உள்ளறையில் படுத்திருந்தான். அம்மா சமையலறையில் வெந்த கிழங்கின் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்திருந்தது.

"அம்மா, அண்ணியோட கேன்ல நீ சேர்த்தியா?"

அம்மாவின் கை நின்றது. "யாரு சொன்னா? அவளா?"

"நானாக் கண்டுபிடிச்சேன்."

"அதுல என்ன இப்ப? ஒரு குடும்பம்தானே." கிழங்கை மறுபடி அடுப்பில் வைத்தாள். மகளைத் திரும்பிப் பார்த்ததும் குரல் மாறியது. "என்னடி, ஏதாவது தப்பாயிடுச்சா? என் சர்க்கரை அதுல தெரிஞ்சிடுச்சா? அவங்க அதப் பாக்கலன்னு நெனச்சேனே."

பாப்பா மறுபடியும் சொன்னாள். ஆலையில் சொன்னதைவிட மெதுவாக. அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் முதலில் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு. அவளுக்கு இப்பவே ஒண்ணும் ஆகாதுல்ல?"

"இப்ப ஆகாது."

"எத்தனை வருஷம்?"

"தெரியாதும்மா. அஞ்சு இருக்கலாம். பத்து இருக்கலாம்."

"பத்து." அம்மா அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்தாள். "பத்து வருஷத்துல புதுசு புதுசா எவ்வளவோ மருந்து வந்துடும். நீங்க எல்லாரும் படிக்கிறதே அதுக்குத்தானே. இவனுக்குப் பத்து வருஷம் கிடையாதுடி. அந்த டாக்டரு என்கிட்ட சொன்னான். ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு."

"அம்மா, நீ என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அவளே குடுக்கிறேன்னுதானே சொல்றா? நான் பிடுங்கினேனா?" அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை. "நீ ஒரு ஆறு நாளைக்கு வாயத் திறக்காம இரு. சின்ன வயசுல இருந்து உனக்கு அது வருமே. இதுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

கதவு திறந்தது. அண்ணன் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். கையில் கட்டு, உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அம்மா பதறிப்போய், "எழுந்திரிச்சு ஏன்டா வந்த?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"அவகிட்ட சொல்லிட்டியா பாப்பா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினாங்க."

அவன் தலையை ஆட்டினான். அவளுக்குத் தெரிந்த அண்ணன் இப்போது மேசையைத் தட்டி எழுந்திருப்பான், எனக்கு ஒண்ணும் வேணாம் என்றிருப்பான். இவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுப்பில் கிழங்கு கொதிக்கிற சத்தம் கேட்டது.

"கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?" என்றான். "இவ இத அடுத்த வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சிருக்கக் கூடாதான்னு."

அவன் தன் பாதங்களைப் பார்த்தான். "டாக்டருக்குப் போன் போடு பாப்பா. இப்பவே போடு. நான் மனசு மாறுறதுக்குள்ள போடு."

அவள் போட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். சீக்கிரம் சொல்லும்மா என்றார். அவள் சொன்னாள். மூத்திரம் என்ற சொல்லை அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று மூன்று தடவை சொன்னாள். யார் யாருடையது, எவ்வளவு, எந்தக் கோடு வரைக்கும் என்று சொன்னாள். எடையையும் எண்ணையும் சொன்னாள். தான் விளக்கிச் சொல்லாமல் காகிதத்தை வைத்துவிட்டுப் போனதையும் சொன்னாள்.

பிறகு டாக்டரின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "நல்லவேளைம்மா. நாங்களே அந்த எடையப் பார்த்து நிறுத்தியிருக்கணும். வியாழக்கிழமை வேண்டாம். அவங்கள நாளைக்கே கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் இனி வைத்தியம் பாக்கணும். அந்த வெயில்ல வேலையெல்லாம் கூடாது." காகிதம் புரளும் சத்தம். "உங்க அண்ணனுக்கு நாள் தள்ளிப்போடறது நல்லதில்ல. வீட்ல குடுக்கிறதுக்கு வேற யாராவது இருக்காங்களா?"

"பார்த்துட்டு சொல்றேன் சார்" என்றாள்.

போனை வைத்தாள். அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், அம்மா முகத்தையும் பார்க்காமல், உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கட்டில் முனகியது. பிறகு, அவன் சுவர் பக்கம் புரண்டு படுக்கிற சத்தம்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். இத்தனை நேரம் இருந்த கோபம் அவள் முகத்தில் இல்லை. பாப்பாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். துணிக்கடையில் அளவெடுப்பதற்கு முன்னால் ஓர் ஆளைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி, பொறுமையாக.

"நீ எத்தனை கிலோ இருக்க?"

"ஐம்பத்தெட்டு" என்றாள் பாப்பா.

அம்மா கிட்டே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையம் போல் சுற்றிப் பார்த்தாள். அந்த விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். தொடவில்லை. பிடியை விடாமல் அப்படியே நின்றாள்.